தவறாக மடிந்த புரதம் எங்கே போனது? வெஸ்டர்ன் பிளாட் ஏமாற்றும்போது பார்க்க வேண்டியவை

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் முதல் ஆறு மாதத்துக்குள் ஒருநாள் என் மேசைக்கு வந்து ஒரு வெஸ்டர்ன் பிளாட் படத்தை நீட்டுவார்கள். (செல்லின் புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, மெம்பிரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் ஒரு புரதத்தை மட்டும் பட்டையாகக் காட்டும் முறை இது. அந்தப் பட்டைதான் 'பேண்ட்'.) "அக்கா, புரதத்தைக் காணோம்" என்பார்கள். இல்லாவிட்டால், "அக்கா, போகவே மாட்டேங்குது" என்பார்கள். இந்த இரண்டு புகாருக்கும் பல வருடங்களாகச் சொல்லி வந்த பதில்களைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு, செல் சவ்வில் குளோரைடைக் கடத்தும் சிஎஃப்டிஆர் புரதத்தையே வைத்துக்கொள்கிறேன். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் மாற்றத்தில், 1480 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதம் 508-ஆம் இடத்து ஃபினைலலனினை மட்டும் இழக்கிறது. அந்த ஒன்று குறைந்ததற்கே செல் அதைக் கண்டுபிடித்து, எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்திலிருந்து (சவ்வுப் புரதங்கள் மடியும் இடம், இனி ஈஆர்) வெளியே இழுத்து, யூபிக்விட்டின் என்ற சின்ன அடையாளப் புரதத்தை ஒட்டி, புரதங்களைத் துண்டாக்கும் புரோட்டியசோமுக்குத் தள்ளிவிடுகிறது. இதைச் செய்து பார்ப்பதற்கு எச்இகே293 என்ற மனித செல்களும், மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் ஒரு பிளாஸ்மிடும் (வட்ட டிஎன்ஏ) போதும் என்பதால் மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சி.

கொள்கையில் ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். தவறாக மடிந்த புரதத்துக்குச் செல்லுக்குள் போக்கிடம் மூன்று: புரோட்டியசோம், லைசோசோம் (அமில நொதிகளால் செரிக்கும் பை), இரண்டுக்கும் போகாமல் கட்டியாகத் திரண்டு ஒதுங்கிவிடுவது. சாதாரண வெஸ்டர்னில் மூன்றுமே ஒரே மாதிரி, காலி இடமாகத்தான் தெரியும். கீழே வரும் குழப்பங்களில் பாதி இதிலிருந்து பிறப்பவை.

எந்த அறிகுறியானாலும் முதலில் பத்து நிமிடம்

மருந்து ட்யூப்களின் தேதியைப் பாருங்கள். புரோட்டியசோமைத் தடுக்கும் எம்ஜி132, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த பிறகு சில வாரங்கள்தான் நம்பகமாக இருக்கும். அது ஒரு ஆல்டிஹைடு, எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும். 10 மில்லிமோலார் ஸ்டாக்கைச் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து உறையவைத்து, ஒன்றை ஒருமுறை மட்டும் உருக்கிப் பயன்படுத்துங்கள். மூடியில் பெயர் மட்டும் எழுதி தேதி எழுதாத ட்யூப் எங்கள் ஃப்ரீசரில் கிடைத்தால் நேரே குப்பைக்குப் போகும்.

அடுத்தது, டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட வெல் (தட்டின் குழி) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

மூன்றாவது, மைக்கோபிளாஸ்மா. கடைசியாக எப்போது பிசிஆர் பார்த்தீர்கள்? இந்தக் கிருமி மீடியத்தைக் கலங்கவைக்காது, சாதாரண நுண்ணோக்கியிலும் தெரியாது, ஆனால் செல்லின் அழுத்த எதிர்வினைகளையெல்லாம் புரட்டிப் போட்டுவிடும். பாசிட்டிவ் வந்தால் காப்பாற்றப் பார்க்காதீர்கள். செல்களைக் கொன்று அப்புறப்படுத்திவிட்டு, பழைய உறைந்த செல் குப்பியைச் சோதித்து எடுங்கள், அல்லது புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையம் போன்ற சேமிப்பகத்திலிருந்து புதிதாக வாங்குங்கள். செலவுதான். ஆனால் கெட்ட செல்லில் ஆறு மாதம் ஓட்டுவதைவிடக் குறைந்த செலவு.

அறிகுறி 1: சைக்ளோஹெக்சிமைடு போட்டு எட்டு மணி நேரமாகியும் பேண்ட் அப்படியே இருக்கிறது

இந்த மருந்தால் புதுப் புரத உற்பத்தியை நிறுத்திவிட்டு, இருப்பது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்ப்பதுதான் இந்த 'சேஸ்' பரிசோதனை. குறையவில்லை என்றால் முதல் சந்தேகம் மருந்தின் மேல் வர வேண்டும். புரதத்தை அப்புறம் பார்க்கலாம்.

அதே லைசேட்டை (செல்லை உடைத்தெடுத்த சாறு) சி-மிக் என்ற புரதத்துக்கான ஆன்டிபாடியில் ஓட்டுங்கள். சி-மிக்கின் அரை ஆயுள் சுமார் அரை மணி நேரம். இரண்டு மணி நேர வெல்லில் அது ஏறக்குறைய மறைந்திருக்க வேண்டும். எம்சிஎல்-1 கூட இதற்கு ஆகும். பலர் பழக்கத்தில் பி53-ஐ எடுப்பார்கள். எச்இகே293-இன் வகையான 293டி செல்லில் அது கூடாது, அங்கே லார்ஜ் டி ஆன்டிஜென் என்ற வைரஸ் புரதம் பி53-ஐப் பிடித்து நிலைப்படுத்தி வைத்திருக்கும். ஹீலா செல்லில் இதற்கு நேர்மாறு: பாப்பிலோமா வைரஸின் ஈ6 புரதம் பி53-ஐ ஓயாமல் அழித்துக்கொண்டிருப்பதால் ஆரம்பத்திலேயே பேண்ட் மங்கலாகத்தான் வரும்.

*சி-மிக்கும் குறையவில்லை என்றால்:* ஸ்டாக் செத்துவிட்டது, அல்லது அளவு போதவில்லை. எச்இகே செல்லுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் வேண்டும். சைக்ளோஹெக்சிமைடு காரத்தில் சீக்கிரம் சிதையும் என்பதால் மீடியத்தின் நிறத்தையும் கவனியுங்கள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தீர்ந்துபோன இன்குபேட்டரில் மீடியம் ஊதா கலந்த சிவப்பாகிவிடும். (இந்த மருந்து உங்களுக்கும் விஷம்தான். கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.)

*சி-மிக் ஒழுங்காகக் குறைகிறது, உங்கள் புரதம்தான் நிற்கிறது என்றால்:* மலிவான காரணத்திலிருந்து தொடங்குங்கள்.

ட்யூப் மாறிவிட்டதா? கேட்க அசிங்கமாக இருக்கும், ஆனால் நான் பார்த்ததில் இது அடிக்கடி நடப்பது. சிஎஃப்டிஆரில் இதைப் பேண்டே காட்டிக்கொடுக்கும். ஈஆரைத் தாண்டாத, சர்க்கரை ஒட்டும் வேலை முடியாத வடிவம் 140-150 கிலோடால்டன் அருகே நிற்கும், அதை 'பி' பேண்ட் என்போம். ஈஆருக்கு அடுத்த நிலையமான கோல்கியைக் கடந்து முதிர்ந்த 'சி' பேண்ட் 170 அருகே அகலமாக வரும். 508 இழந்த புரதத்தில் ஏறக்குறைய 'பி' மட்டும்தான் வர வேண்டும், அதுவும் சீக்கிரம் குறைய வேண்டும். கெட்டியான 'சி' தெரிந்தால் நீங்கள் போட்டது அநேகமாகக் காட்டுவகை (மாற்றம் இல்லாத) பிளாஸ்மிட். சீக்வென்சிங்குக்கு அனுப்புங்கள், சில நூறு ரூபாயில் முடியும்.

பிளாஸ்மிட் சரியாக இருந்தும் 'சி' வந்தால் இன்குபேட்டரைப் பாருங்கள். இந்தப் புரதத்துக்கு ஒரு விசித்திரம் உண்டு: 27 டிகிரிக்கு இறக்கி ஒரு நாள் வைத்தால் ஒரு பங்கு ஒழுங்காக மடிந்து தரச் சோதனையைத் தாண்டிவிடும். 1992-லேயே கண்டறியப்பட்ட விஷயம் இது. இன்குபேட்டரின் வெப்பம் இறங்கியிருந்தால், நீங்கள் கேட்காமலேயே அது உங்கள் புரதத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிடும். முகப்பில் 37 என்று எரிவதை நம்பாமல், தண்ணீர் நிரப்பிய பாட்டிலில் ஒரு தெர்மாமீட்டரைப் போட்டு இரவு முழுக்க உள்ளே வையுங்கள். ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். நீங்களே திருகிச் சரிசெய்யக் கூடாது.

அதுவும் சரி என்றால், அளவுக்கு மீறி உற்பத்தி செய்கிறீர்கள். ஆறு வெல் தட்டில் ஒரு வெல்லுக்கு 2 மைக்ரோகிராம் பிளாஸ்மிட் போட்டால், செல்லின் அப்புறப்படுத்தும் ஆற்றல் திணறிவிடும். தீபாவளிக்கு மறுநாள் தெருவில் குப்பை வண்டி படும் பாடுதான். 0.2 மைக்ரோகிராமுக்கு இறக்கி, மீதியை வெறும் வெக்டரால் (மரபணு செருகாத பிளாஸ்மிட்) நிரப்புங்கள். வேகம் மாறினால் காரணம் தெரிந்துவிட்டது. அப்படியும் மாறாவிட்டால் டேகை (ஆன்டிபாடி பிடிப்பதற்காகப் புரதத்தில் ஒட்டிய துண்டு) மறுமுனைக்கு மாற்றிப் பார்க்கலாம், குறைந்த அளவில் நிலையாக உற்பத்தி செய்யும் செல் வரிசை உருவாக்கலாம். இதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.

கடைசி வழி கதிரியக்கக் கந்தகம் வைத்துச் செய்யும் பல்ஸ்-சேஸ் (புதிதாக உருவான புரதத்தை மட்டும் குறியிட்டுப் பின்தொடர்வது). உங்கள் நிறுவனத்தில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரும் இருந்தால் அவரிடம் போய்க் கேளுங்கள். இல்லையென்றால் இருக்கும் இடத்தோடு கூட்டுச் சேருங்கள்.

அறிகுறி 2: புரதம் மறைகிறது. ஆனால் எம்ஜி132 போட்டும் திரும்பி வரவில்லை

இங்கேதான் நான் மூன்று மாதத்தைத் தொலைத்தேன். சிஎஃப்டிஆர் இல்லை, வேறொரு புரதம், பெயர் வேண்டாம். மாற்றம் உள்ள வடிவம் சேஸில் மளமளவென்று குறைந்தது, புரோட்டியசோமைத் தடுத்தாலும் குறைந்தது, லைசோசோமைத் தடுத்தாலும் குறைந்தது. இரண்டிலும் சேராத புது வழி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று வாரக் கூட்டத்தில் பேசியும் விட்டேன். பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "பெல்லட்டைப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. லைசிஸ் செய்து (செல்லை உடைத்து), சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிந்ததை மட்டும் ஜெல்லில் ஏற்றி, அடியில் படிந்த பெல்லட்டைத் தினமும் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன். புரதம் முழுக்க அதில்தான் இருந்தது. சிதையவே இல்லை. கரையாத கட்டியாகி, டிரைட்டான் என்ற மென்மையான சோப்புக்கு மசியாமல் அடியில் போய் உட்கார்ந்திருந்தது.

அன்றிலிருந்து என் விதி இது: புரதம் குறைகிறது என்று யார் சொன்னாலும், பெல்லட் பிளாட்டைக் காட்டாமல் நான் நம்புவதில்லை.

*பெல்லட்டைப் பார்க்கும் முறை.* 1% டிரைட்டான் பஃபரில் ஐஸில் 20 நிமிடம் வைத்து லைசிஸ் செய்யுங்கள். 16,000 ஜி-யில் 4 டிகிரியில் 15 நிமிடம் சுற்றுங்கள். மேலுள்ளதை எடுத்த பிறகு, பெல்லட்டை அதே பஃபரில் ஒருமுறை கழுவிச் சுற்றுங்கள். கழுவாமல் விட்டால் ஒட்டியிருக்கும் கரைசலே பேண்டாக வந்து உங்களை மறுபடி ஏமாற்றும். பிறகு 2% எஸ்டிஎஸ் (கடுமையான சோப்பு) உள்ள பஃபரில், ஐஸில் வைக்காமல் அறை வெப்பத்தில் கரையுங்கள், குளிரில் எஸ்டிஎஸ் படிகமாகிவிடும். டிஎன்ஏவால் சளிபோல் இழுக்கும். சோனிகேட் செய்யலாம், அல்லது மெல்லிய ஊசியில் பத்துப் பன்னிரண்டு முறை இழுத்துத் தள்ளலாம். முக்கியமானது: இரண்டு பகுதியிலிருந்தும் ஒரே எண்ணிக்கை செல்லுக்குச் சமமான அளவை ஏற்றுங்கள். மைக்ரோகிராம் கணக்கில் சமமாக ஏற்றினால் பெல்லட் பங்கு தாறுமாறாகத் தெரியும். பகுதிகள் ஒழுங்காகப் பிரிந்தனவா என்று பார்க்க மேலுள்ளதற்கு ஜிஏபிடிஎச் (கரையும் புரதம்), பெல்லட்டுக்கு ஹிஸ்டோன் எச்3 (டிஎன்ஏவோடு ஒட்டியிருக்கும் புரதம்).

*பெல்லட்டில் பேண்ட் இருக்கிறது என்றால்:* உங்கள் புரதம் ஒதுங்கியிருக்கிறது, அழியவில்லை. எம்ஜி132 போட்டபோது பெல்லட் பங்கு கூடுகிறதா என்றும் பாருங்கள். சிஎஃப்டிஆரில் அப்படித்தான் ஆகும். புரோட்டியசோமைத் தடுத்தால் அது உட்கருவுக்குப் பக்கத்தில் ஒரே கட்டியாகச் சேரும் என்றும், அதற்கு 'அக்ரிசோம்' என்று பெயர் வைத்தும் 1998-இல் ஸ்டான்ஃபோர்டில் ரான் கோபிட்டோவின் குழு எழுதியது. அதனால் எம்ஜி132 வேலை செய்தும் மேலுள்ளதில் புரதம் திரும்பாமல் இருக்கலாம்.

*பெல்லட்டிலும் இல்லை என்றால்:* இப்போது மருந்தைச் சந்தேகப்படலாம். அதே மெம்பிரேனை யூபிக்விட்டினுக்குப் பாருங்கள். எம்ஜி132 வெல்லில் உயர்ந்த எடைப் பகுதியில் ஸ்மியர் (நீளமாகத் தேய்த்ததுபோன்ற கறை) அடர்த்தியாக வந்தே ஆக வேண்டும். வரவில்லையா, மருந்து செத்தது. வந்திருக்கிறதா, புரோட்டியசோம் தடைபட்டது உண்மை. அப்படியானால் லைசோசோமை பாஃபிலோமைசின் 100 நானோமோலாரில் தடுத்துப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. எம்ஜி132 புரோட்டியசோமை மட்டும் தடுப்பதில்லை, புரதத்தை வெட்டும் வேறு நொதிகளான கால்பெய்ன்களையும் சில கதெப்சின்களையும் சேர்த்தே தடுக்கும். "எம்ஜி132-இல் திரும்பியது, ஆகவே புரோட்டியசோம்" என்று எழுதுவதற்கு முன் வேறு புரோட்டியசோம் தடுப்பான்களான போர்ட்டெசோமிப் அல்லது எபாக்சோமைசினில் ஒருமுறை உறுதிசெய்யுங்கள். இரண்டாவது, 10 மைக்ரோமோலாரில் நாலிலிருந்து ஆறு மணி நேரம் போதும். இரவு முழுக்க விட்டால் செல்லின் தனி யூபிக்விட்டின் வற்றி, ஹீட் ஷாக் புரதங்கள் ஏறி, ஆட்டோஃபேஜியும் (செல் தன் குப்பையைப் பையில் கட்டி லைசோசோமுக்கு அனுப்புவது) கிளம்பிவிடும். அப்புறம் நீங்கள் பார்ப்பது உங்கள் புரதத்தின் கதை இல்லை, சாகப்போகும் செல்லின் கதை.

ஈஸ்டில் செய்பவர்களுக்கு: சாதாரண ஈஸ்டில் எம்ஜி132 உள்ளே தங்காது. பிடிஆர்5 அல்லது ஈஆர்ஜி6 மரபணுவை நீக்கிய வகை வேண்டும். மருந்தை மாற்றி மாற்றி வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

அறிகுறி 3: யூபிக்விட்டின் பிளாட்டில் ஸ்மியரே இல்லை

பெரும்பாலும் லைசிஸ் பஃபரில்தான் தவறு இருக்கும். செல்லை உடைத்த அந்த நொடியிலிருந்தே யூபிக்விட்டினைக் கழற்றும் நொதிகள் வேலையைத் தொடங்கிவிடும். ஐஸில் வைத்தாலும் முழுக்க நிற்காது. சாதாரணப் புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரை இவற்றை நிறுத்தாது. என்-ஈதைல்மாலிமைடு வேண்டும், லேபில் நெம் என்போம். 10 முதல் 20 மில்லிமோலார், எத்தனாலில் அன்றன்று கரைத்து, கடைசி நிமிடத்தில் பஃபரில் சேர்க்க வேண்டும். கே63 வகை யூபிக்விட்டின் சங்கிலிகளுக்கு (63-ஆம் இடத்து லைசின் அமினோ அமிலம் வழியாகக் கோத்தவை) இது போதாமல் 50 வரைகூடப் போக வேண்டியிருக்கும். நெம் கண்ணையும் தோலையும் எரிக்கும், ஹூடில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

நெம் போட்டும் வரவில்லை என்று ஒரு தம்பி இரண்டு வாரம் அலைந்தான். அவனுடைய லைசிஸ் பஃபரில் யாரோ முன்பு எழுதி வைத்த செய்முறைப்படி டிடிடி (டைதயோதிரைடால்) இருந்தது. டிடிடியும் பீட்டா-மெர்காப்டோஎத்தனாலும் நெம்மை உடனே பிடித்துச் செயலிழக்க வைக்கும். அவை ஜெல்லில் ஏற்றும் சாம்பிள் பஃபரில் மட்டும்தான் இருக்க வேண்டும்.

பஃபர் சரியென்றால் ஜெல்லுக்கு வாருங்கள். ஸ்டாக்கிங் ஜெல்லை (மேல்பகுதி) வெட்டி எறிந்தீர்களா? பெரிய சங்கிலிகள் அங்கேயே நிற்கும், வெட்டாமல் மெம்பிரேனுக்கு டிரான்ஸ்ஃபர் செய்யுங்கள். ஸ்மியர் 100 கிலோடால்டனுக்கு மேல் போவதால் டிரான்ஸ்ஃபருக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். அப்புறம் ஆன்டிபாடி. சில ஆன்டிபாடிகளுக்கு மெம்பிரேனில் உள்ள யூபிக்விட்டின் விரிந்திருந்தால்தான் பிடி கிடைக்கும். யூபிக்விட்டின் வெறும் 76 அமினோ அமிலம் கொண்ட, மிக உறுதியாக மடிந்த புரதம், எஸ்டிஎஸ் போனதும் திரும்ப மடிந்துவிடும். டிரான்ஸ்ஃபருக்குப் பிறகு மெம்பிரேனைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்துப் பாருங்கள். முதல் முறை செய்யும்போது யாரும் நம்புவதில்லை, ஆனால் பல நேரம் இதுவே போதும்.

*ஸ்மியர் வருகிறது, ஆனால் அது என் புரதத்தின் மேல்தான் இருக்கிறதா என்பது கேள்வி என்றால்:* உங்கள் புரதத்தை ஐபி செய்து (ஆன்டிபாடியால் பிடித்தெடுத்து) பார்ப்பீர்கள். மென்மையான பஃபரில் செய்தால் உங்கள் புரதத்தோடு கைகோத்து வரும் மற்றவற்றின் யூபிக்விட்டினும் சேர்ந்து தெரியும். 1% எஸ்டிஎஸ்ஸில் சூடாக்கி எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, டிரைட்டான் பஃபரால் பத்து மடங்கு நீர்த்து, பிறகு ஐபி செய்யுங்கள்.

எந்த லைசினில் ஒட்டியிருக்கிறது, எந்த வகைச் சங்கிலி என்ற கேள்வி வந்துவிட்டால் அது பிளாட்டின் வேலை இல்லை. மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வசதியுள்ள இடத்துக்குப் போங்கள், பெங்களூரில் சி-கேம்ப் என்ற மையம் இருக்கிறது. ஆனால் சாம்பிள் தயாரிப்பதற்கு *முன்பே* அவர்களோடு பேசுங்கள். வழக்கமாகப் போடும் அயோடோஅசிட்டமைடு லைசினில் இருமுறை ஒட்டினால், யூபிக்விட்டின் விட்டுப்போகும் அடையாளத்தின் எடையே வரும், 114 டால்டன். போலி அடையாளத்தைக் கொண்டாடிவிட்டு அப்புறம் வருந்தியவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பதில் குளோரோஅசிட்டமைடு போடச் சொல்வார்கள்.

அறிகுறி 4: ஜெல்லின் வெல்லிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது

சவ்வுப் புரதமா? கொதிக்க வைத்தீர்களா? அதுதான் காரணம். சிஎஃப்டிஆர் போன்றவற்றை 95 டிகிரியில் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி ஜெல்லுக்குள் நுழையாது. 37 டிகிரியில் அரை மணி நேரம் போதும்.

கொதிக்க வைக்காமலும் நிற்கிறது என்றால், எஸ்டிஎஸ்ஸுக்கும் கரையாத கட்டியாக இருக்கலாம். ஹன்டிங்டின் போன்ற குளூட்டமின் தொடர் நீண்ட புரதங்களில் இது சகஜம். அதற்கு ஜெல்லை விட்டுவிட்டு 0.2 மைக்ரான் செல்லுலோஸ் அசிடேட் மெம்பிரேனில் வடிகட்டிப் பாருங்கள். கட்டி மேலே தங்கும், மற்றவை இறங்கிவிடும்.

அறிகுறி 5: எல்சி3-இரண்டு கூடியிருக்கிறது. ஆட்டோஃபேஜி கூடியதா, அடைத்ததா?

எல்சி3 ஆட்டோஃபேஜிப் பைகளின் அடையாளப் புரதம். கொழுப்பு ஒட்டிப் பையில் அமர்ந்த வடிவம் எல்சி3-இரண்டு, ஒட்டாதது எல்சி3-ஒன்று. தலைப்பில் உள்ள கேள்வியை நீங்களே கேட்டுக்கொண்டு வந்தால் பாதி வேலை முடிந்தது. பலர் கேட்பதே இல்லை. பேண்ட் தடித்தது, ஆகவே ஆட்டோஃபேஜி ஏறியது என்று எழுதிவிடுகிறார்கள். தெருவில் குப்பைப் பை அதிகம் கிடந்தால், வீடுகளில் அதிகம் கட்டி வைத்தார்கள் என்றும் சொல்லலாம், வண்டி வரவில்லை என்றும் சொல்லலாம்.

நான்கு வெல் வேண்டும்: ஒன்றும் போடாதது, உங்கள் மருந்து மட்டும், பாஃபிலோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து. பாஃபிலோமைசின் 100 நானோமோலார், இரண்டிலிருந்து நாலு மணி நேரம்.

*இரண்டும் சேர்ந்ததில், பாஃபிலோமைசின் மட்டும் போட்டதைவிடக் கூடுகிறது என்றால்:* ஓட்டம் உண்மையாகவே கூடியிருக்கிறது.

*இரண்டிலும் ஒரே அளவு என்றால்:* உங்கள் மருந்து லைசோசோம் பக்கம் அடைக்கிறது. ஆட்டோஃபேஜியில் அழியும் பி62 புரதமும் சேர்ந்து ஏறியிருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் பி62-ஐ மட்டும் நம்ப வேண்டாம். ஆக்சிஜனேற்ற அழுத்தத்தில் அதன் மரபணுவே கூடுதலாக வேலை செய்யத் தொடங்கும்.

அளக்கும்போது எல்சி3-இரண்டை ஆக்டினோடு ஒப்பிடுங்கள், எல்சி3-ஒன்றோடு ஒப்பிட வேண்டாம். எல்சி3-ஒன்று உறைந்து உருகினால் சிதைந்துவிடும், ஆன்டிபாடியும் இரு வடிவங்களையும் ஒரேபோல் பிடிப்பதில்லை. இன்னொன்று, எல்சி3-இரண்டு எடையில் கூடுதலானாலும், கொழுப்பு ஒட்டியிருப்பதால் ஜெல்லில் வேகமாக ஓடி 14 கிலோடால்டன் அருகே கீழே வரும், எல்சி3-ஒன்று 16 அருகே மேலே. தலைகீழாகப் பெயரிட்ட படங்களை ஆய்வேட்டு வரைவுகளில் நான் திருத்தியிருக்கிறேன்.

பேண்டே இல்லை என்றால் 15% ஜெல், 0.2 மைக்ரான் பிவிடிஎஃப் மெம்பிரேன். 0.45-இல் இவ்வளவு சின்னப் புரதம் ஊடுருவி மறுபக்கம் போய்விடும். சாய முனை ஜெல்லை விட்டு ஓடிப்போகும் முன் நிறுத்துங்கள்.

அறிகுறி 6: ஒன்றும் போடாத கட்டுப்பாட்டு வெல்லிலேயே ஈஆர் அழுத்தம் தெரிகிறது

ஈஆரில் மடியாத புரதம் சேர்வதுதான் ஈஆர் அழுத்தம். அப்போது செல் எக்ஸ்பிபி1 ஆர்என்ஏவில் 26 எழுத்துகளை வெட்டும், அது வெட்டப்பட்டிருக்கிறதா என்று பிசிஆரில் பார்ப்பதுதான் எளிய சோதனை. கட்டுப்பாட்டிலேயே வெட்டப்பட்ட பேண்ட் வந்தால், மருந்தைப் பார்க்காதீர்கள், தட்டைப் பாருங்கள்.

செல்கள் நெரிந்து நிற்கின்றனவா? மீடியம் மஞ்சளாகிவிட்டதா? குளூக்கோஸ் தீர்ந்தாலே ஈஆரில் சர்க்கரை ஒட்டும் வேலை கெட்டு அழுத்தம் வரும். ஈஆரில் மடிப்புக்கு உதவும் பிஐபி புரதத்தின் இன்னொரு பெயரான ஜிஆர்பி78-இல் உள்ள 'ஜிஆர்', குளூக்கோஸால் கட்டுப்படுத்தப்படுவது என்பதைத்தான் குறிக்கிறது. 70 சதவீதம் நிரம்பிய தட்டை எடுத்து, முந்தின மாலையே மீடியம் மாற்றிவிட்டு மறுநாள் காலையில் தொடங்குங்கள். எங்கள் லேபில் பாதிப் பேருக்கு இதோடு சரியாகிவிடும். திங்கட்கிழமை முடிவுகள் மட்டும் மோசமாக வருகின்றன என்றால், சனி ஞாயிறில் யாரும் மீடியம் மாற்றவில்லை என்று அர்த்தம்.

சரியாகவில்லையா? வெறும் வெக்டர் போட்ட வெல்லையும், டிரான்ஸ்ஃபெக்ஷன் ரீஏஜென்ட் (பிளாஸ்மிடைச் செல்லுக்குள் புகுத்துவது) மட்டும் போட்ட வெல்லையும் சேருங்கள். ரீஏஜென்டே அழுத்தம் தருவது உண்டு. அடுத்து, மீடியத்தில் சேர்க்கும் சீரத்தின் பேட்ச். அதற்கும் அடுத்தது, மேலே சொன்ன மைக்கோபிளாஸ்மா.

இதற்கு எதிர்ப்பக்கம், ஈஆர் அழுத்தத்தை வேண்டுமென்றே உண்டாக்கும் துனிகாமைசின் போட்டும் ஒன்றும் வரவில்லை என்றால் நேரத்தைப் பாருங்கள். அதே வேலை செய்யும் தாப்சிகார்ஜினுக்கு இரண்டு முதல் நாலு மணி நேரம் போதும், துனிகாமைசினுக்குக் குறைந்தது ஆறு வேண்டும். பிஐபி புரதம் பிளாட்டில் ஏறித் தெரிய எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், இரண்டு மணி நேரத்தில் தேடினால் கிடைக்காது. ஜெல்லும் 1% அகரோஸ் என்றால் 26 எழுத்து வித்தியாசம் பிரியாது. 2.5 அல்லது 3% ஊற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. இரண்டு பேண்டுக்கும் மேலே மூன்றாவதாக ஒன்று வரும். புது வடிவம் ஏதும் இல்லை. வெட்டிய இழையும் வெட்டாத இழையும் பிசிஆரின் முடிவில் ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் புடைத்துக்கொண்டு, மெதுவாக ஓடுகிறது. வருடத்துக்கு ஒருவராவது அதை வெட்டியெடுத்து சீக்வென்சிங்குக்கு அனுப்பிவிட்டு வருகிறார்கள். இரண்டு வரிசையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து, படிக்க முடியாத ரிப்போர்ட்தான் வரும். அனுப்ப வேண்டாம்.